பயணச்சீட்டு இல்லாதவர்களின் ரயில்: கிராஃப்ட்வெர்க்கின் ‘டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’



இந்த ஆண்டின் நினைவுரைக்கு ஒரு ஜெர்மன் இசைத்தொகுப்பைப் பொருளாக எடுத்திருக்கிறோம். 1977 மார்ச் மாதம் வெளியான அதன் பெயர் ‘டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’. உருவாக்கியவர்கள் டூசல்டார்ஃப் நகரத்தின் கிராஃப்ட்வெர்க் குழுவினர். மின்னணு இசையின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்தத் தொகுப்பைத் தாண்டிப் போக முடியாது. உலகமெங்கும் நடன அரங்குகளில் இன்று கேட்கும் இயந்திரத் தாளத்தின் ஊற்றுகளில் ஒன்று இங்கே இருக்கிறது.

புகழ் பாடுவதற்காக இதை எடுக்கவில்லை. இசையைப் பிறப்பின் அடிப்படையில் தரம் பிரித்த ஒரு நகரத்தில் இந்தத் தொகுப்பு உருவானது. வசதி படைத்தவர்கள் மட்டுமே ஏற முடிந்த ஒரு ரயிலின் பெயரைத் தாங்கி வந்தது. அந்த ரயிலைப் பார்த்தே இராத கறுப்பின இளைஞர்கள் கடலுக்கு அப்பால் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஒரு கலை யாருக்குச் சொந்தம், அதை முடிவுசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி இந்த ஒரு தொகுப்பின் வரலாறு முழுவதும் ஓடுகிறது. அந்தக் கேள்வியைத்தான் உங்களோடு சேர்ந்து பின்தொடர விரும்புகிறோம்.

இரத்தம் பார்த்துப் பிரித்த இசை

1938 மே மாதம் நாஜி அரசு டூசல்டார்ஃபில் ஒரு கண்காட்சியைத் திறந்தது. ‘சீரழிந்த இசை’ என்பது அதன் பெயர். யூதர்கள் இயற்றிய இசை, கறுப்பர்களிடமிருந்து வந்த ஜாஸ், மரபை மீறிய நவீன இசை ஆகிய எல்லாவற்றையும் ஜெர்மன் இரத்தத்தைக் கெடுக்கும் நோய் என்று அங்கே காட்சிக்கு வைத்தார்கள். ஆர்னால்ட் ஷோன்பெர்க், குர்ட் வைல் போன்றவர்களின் பெயர்கள் அந்தக் குற்றப்பட்டியலில் இருந்தன. கண்காட்சியின் விளம்பரப் படத்தில் சாக்சபோன் வாசிக்கும் ஒரு கறுப்பரைக் குரங்கைப் போலக் கேலியாக வரைந்து, அவர் சட்டையில் யூதர்களின் நட்சத்திரத்தைக் குத்தியிருந்தார்கள். கறுப்பரையும் யூதரையும் ஒரே படத்தில் இழிவுபடுத்த அவர்களுக்கு ஒரு இசைக்கருவி போதுமானதாக இருந்தது. இசையைக் கேட்பதற்கு முன் இசைத்தவர் யாருக்குப் பிறந்தார் என்று கேட்கும் வழக்கம் நமக்கு அந்நியமானதல்ல.

அடுத்த சில ஆண்டுகளில் அதே நகரம் மனிதர்களையும் ரயிலேற்றியது. 1941 முதல் 1944 வரை டூசல்டார்ஃப் வட்டாரத்தின் யூதர்கள் ஏறத்தாழ 6,000 பேரை டெரண்டார்ஃப் பகுதியில் இருந்த கசாப்புக்கூடத்தில் கூட்டி, சோதனையிட்டு, பக்கத்திலிருந்த சரக்கு ரயில் நிலையத்திலிருந்து கெட்டோக்களுக்கும் வதைமுகாம்களுக்கும் அனுப்பினார்கள். ஐரோப்பாவில் ரயில் என்ற சொல்லுக்கு இந்த நினைவும் உண்டு. தொகுப்பைக் கேட்கும்போது இதை மறக்கக் கூடாது.

கிராஃப்ட்வெர்க்கைத் தொடங்கிய ரால்ஃப் ஹூட்டர் 1946இலும் ஃப்ளோரியன் ஷ்னைடர் 1947இலும் பிறந்தவர்கள். போர் முடிந்தபின் பிறந்து, பெற்றோரின் மௌனத்துக்குள் வளர்ந்த தலைமுறை. ‘நீங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்று 1960களின் இறுதியில் ஜெர்மன் மாணவர்கள் தந்தையர்களைக் கேட்கத் தொடங்கினார்கள். இசைக்கு வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. நாட்டுப்பாட்டு, மண், மக்கள் ஆகிய சொற்களையெல்லாம் நாஜிகள் தொட்டுக் கறைப்படுத்தியிருந்தார்கள். வானொலியை நிரப்பியது அமெரிக்க, ஆங்கிலேய இசை. தந்தையர்களின் இசையையும் எடுக்காமல், வெற்றி பெற்ற நாடுகளின் இசையையும் நகலெடுக்காமல் எங்கிருந்து தொடங்குவது?

கிராஃப்ட்வெர்க் கண்ட வழி இயந்திரம். அந்தப் பெயருக்கே ஜெர்மனில் ‘மின் நிலையம்’ என்று பொருள். 1970இல் டூசல்டார்ஃப் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மின்ட்ராப் தெருவில், ‘கிளிங் கிளாங்’ என்ற தங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார்கள். பின்னர் வொல்ஃப்காங் ஃப்ளூரும் கார்ல் பார்டோஸும் மின்னணுத் தாளக்கருவிகளோடு சேர்ந்தார்கள். தங்களை இசைத் தொழிலாளர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். தங்கள் இசையைத் தொழில்துறைக் காலத்து நாட்டுப்புற இசை என்றார் ஹூட்டர். இயந்திரத்துக்குக் குலம் கிடையாது, இரத்தம் கிடையாது. தூய்மை பேசிய ஒரு நாட்டில் அது ஒரு அரசியல் தேர்வாகவும் இருந்தது.

தொகுப்புக்குள் என்ன இருக்கிறது

தொகுப்பின் பெயரைக் கொடுத்தது உண்மையான ஒரு ரயில் சேவை. மேற்கு ஐரோப்பிய நாடுகளின் ரயில்வேக்கள் சேர்ந்து 1957இல் அதைத் தொடங்கின. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்கான ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே ஆண்டுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றையொன்று குண்டுவீசி அழித்த நாடுகளை இணைக்கும் வேக ரயில்கள் அவை. அந்த ரயில்களில் முதல் வகுப்புப் பெட்டிகள் மட்டுமே இருந்தன. எல்லை தாண்டும் வணிகர்களும் அதிகாரிகளும் வசதியானவர்களும்தான் அவற்றின் பயணிகள்.

முதல் பாடல் ‘முடிவில்லா ஐரோப்பா’. ஒன்பது நிமிடங்களுக்கும் மேல் நீளும் அது பூங்காக்களையும் விடுதிகளையும் அரண்மனைகளையும் சன்னல் வழியே காட்டுவதுபோல நகர்கிறது. அடியில் ஒரு சிறிய சுரக்கோவை திரும்பத் திரும்ப ஓடுகிறது. அதை ஓட்டுவது சீக்வென்சர் என்ற கருவி. எந்தச் சுரம், எந்த வரிசையில், எவ்வளவு நேரம் என்று ஒருமுறை அமைத்துவிட்டால், அது சின்தசைசரைத் தானாகவே வாசிக்கவைக்கும். கைகள் களைக்கும் இடத்தில் அது களைக்காது. பான் நகரத்தில் இதற்கெனவே செய்து வாங்கிய ஒரு சீக்வென்சர்தான் இந்தத் தொகுப்புக்கு அந்தத் தளராத ஓட்டத்தைத் தந்தது.

அடுத்த இரண்டு பாடல்களில் ரயில் இல்லை. ‘கண்ணாடிகளின் கூடம்’ என்ற பாடலில் ஒருவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பார்த்து, தன் பிம்பத்திடம் தன்னை இழக்கிறான். புகழ் ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பது அதன் விஷயம். காலடி ஓசைபோல ஒலிக்கும் தாளம் அந்தக் கூடத்துக்குள் நம்மையும் நடக்கவைக்கிறது. ‘கடைப் பொம்மைகள்’ என்ற பாடலில் துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகள் தங்களைப் பார்ப்பவர்களைத் திருப்பிப் பார்க்கின்றன. பிறகு அசைந்து, கண்ணாடியை உடைத்து, நகரத்துக்குள் நடந்து, ஒரு நடன விடுதிக்குள் போய் ஆடத் தொடங்குகின்றன. காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டவை எழுந்து நடக்கும் கதை அது. கிராஃப்ட்வெர்க் அதைத் தங்கள் மேடைத் தோற்றத்தைப் பற்றிய கிண்டலாகத்தான் செய்தார்கள். கேட்பவர்கள் அதில் தங்கள் கதையையும் கேட்க முடியும்.

இரண்டாம் பக்கத்தில்தான் ரயில் வருகிறது. ‘டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’, அதைத் தொடர்ந்து ‘உலோகத்தின் மேல் உலோகம்’ என்று 13 நிமிடங்களுக்கும் மேல் இடைவெளியில்லாமல் ஓடுகிறது. தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களின் தாளம், மேலே ஏறிச்செல்லும் கனத்த ஒரு சுரவரிசை, மனிதக் குரலை இயந்திரக் குரலாக்கும் வோகோடர். ரயிலின் ஓசையை இசையாக்கியதில் இவர்கள் முதல்வர்கள் இல்லை. 1948லேயே பிரான்சின் பியேர் ஷேஃபர் ரயில் ஓசைகளைப் பதிவுசெய்து வெட்டி ஒட்டி ஒரு படைப்பை உருவாக்கியிருந்தார். கொலோன் வானொலியின் மின்னணு இசைக்கூடம் 1950களிலிருந்து இயங்கியது. அவையெல்லாம் ஆய்வுக்கூட இசையாக, நாற்காலியில் அமர்ந்து கேட்பதற்காக உருவானவை. கிராஃப்ட்வெர்க் அந்த ஓசையைக் கால்கள் ஆடக்கூடிய தாளமாக்கியது. ‘உலோகத்தின் மேல் உலோகம்’ பகுதியில் பாட்டு முழுவதுமாக விலகி, இரும்பு அடிக்கும் ஓசை மட்டுமே தாளமாகிறது.

கடைசியில் வியன்னாவின் இசைமேதை ஃப்ரான்ஸ் ஷூபர்ட்டின் பெயரில் அமைதியான ஒரு பகுதி வருகிறது. ‘முடிவில்லை’ என்ற சொல்லை இயந்திரக் குரல் திரும்பச் சொல்லத் தொகுப்பு நிறைவடைகிறது. ஷூபர்ட் 31 வயதில் இறந்தவர், வாழ்நாளில் பெரும் வசதியைக் காணாதவர். நாஜிகளுக்கு முந்தைய ஒரு ஐரோப்பாவோடு கைகோக்கும் முயற்சியாக இதைக் கேட்கிறோம்.

ரயிலில் இடம் பெறாதவர்கள்

இனி இந்தத் தொகுப்பு சொல்லாமல் விட்டதைப் பார்க்க வேண்டும். அதன் ஐரோப்பாவில் பாரிஸின் அகன்ற வீதி உண்டு, வியன்னாவின் இரவுக் காப்பிக்கடை உண்டு. அதே தண்டவாளங்களில் அதே ஆண்டுகளில் வேறொரு கூட்டமும் பயணம் செய்துகொண்டிருந்தது. மேற்கு ஜெர்மனி 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் ஆளெடுப்பு ஒப்பந்தம் போட்டது. சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று பெயர் வைத்தார்கள். வேலை முடிந்தால் விருந்தினர் திரும்பிப் போய்விட வேண்டும் என்பது அந்தப் பெயருக்குள் இருந்த நிபந்தனை.

1964 செப்டம்பரில் டூசல்டார்ஃபுக்குப் பக்கத்தில் உள்ள கொலோனின் டாய்ட்ஸ் ரயில் நிலையத்தில் பத்து லட்சமாவது விருந்தினர் தொழிலாளர் என்று போர்ச்சுகலிலிருந்து வந்த ஒருவரை வரவேற்று, ஒரு மொபெட்டைப் பரிசளித்துப் படமெடுத்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஆளெடுப்பை நிறுத்தினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ‘முடிவில்லா ஐரோப்பா’ பாடலில் அந்த இரண்டாம் வகுப்புப் பெட்டிகளின் சத்தம் இல்லை. துருக்கியத் தொழிலாளர்கள் தங்கள் பாடல்களைத் தாங்களே உருவாக்கினார்கள். கொலோனின் ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்த மெட்டின் டுர்கோஸ் அந்த வாழ்க்கையைப் பாடினார். கொலோனிலேயே இயங்கிய டுர்குவோலா நிறுவனம் அத்தகைய பாடல்களைத் துருக்கியர்களிடம் கொண்டுசேர்த்தது. ஜெர்மன் இசையின் வரலாறு என்று எழுதப்பட்ட நூல்களில் அவர்களுக்கு இடம் கிடைக்க நெடுங்காலம் பிடித்தது.

‘இசைத் தொழிலாளர்’ என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டும். ஷ்னைடரின் தந்தை பால் ஷ்னைடர் எஸ்லெபன் போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். கொலோன் பான் விமான நிலையத்தை வடிவமைத்தவர். விலையுயர்ந்த கருவிகளை வாங்கவும், சொந்தக் கூடத்தில் அவசரமில்லாமல் சோதித்துப் பார்க்கவும் இவர்களால் முடிந்தது. பக்கத்திலேயே ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. அழுக்குப் படாத கோட்டும் டையும் அணிந்து தொழிலாளர் என்று சொல்லிக்கொள்வதற்கும், கரி படிந்த நுரையீரலோடு தொழிலாளராக இருப்பதற்கும் இடையிலான தூரத்தை நாம் கணக்கில் வைக்கிறோம். இதனால் அவர்களுடைய இசையின் மதிப்பு குறைந்துவிடாது. கருவி யார் கைக்கு முதலில் எட்டுகிறது என்பதை மட்டும் இது தெளிவாக்குகிறது.

கடலுக்கு அப்பால்

தொகுப்பு வெளியான 1977இல் நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் எரிந்துகொண்டிருந்தது. குறுக்கே போட்ட விரைவுச்சாலை ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தியிருந்தது. வீட்டு உரிமையாளர்கள் கைவிட்ட கட்டடங்கள் தீக்கிரையாகின. அங்கே கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்து, இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளை வைத்துக்கொண்டு, ஹிப்ஹாப்பை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருக்கொண்டாட்டங்களில் இந்த ஜெர்மன் ரயிலும் ஓடியது. முதல் வகுப்புப் பெட்டிக்காக எழுதிய தாளத்துக்கு, அரசாங்கம் கைவிட்ட குடியிருப்புகளின் பிள்ளைகள் ஆடினார்கள்.

1982இல் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவும் சோல்சோனிக் ஃபோர்ஸ் குழுவும் ‘பிளானட் ராக்’ என்ற பாடலை வெளியிட்டார்கள். ஆர்தர் பேக்கர் தயாரித்தார். ஜான் ராபி கீபோர்டு வாசித்தார். ‘டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ பாடலின் சுரவரிசையையும், கிராஃப்ட்வெர்க்கின் 1981ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருந்த இன்னொரு தாளத்தையும் அவர்கள் புதிதாக வாசித்து இணைத்தார்கள். ரோலண்ட் 808 தாள இயந்திரம் அதற்கு அடித்தளமாக இருந்தது. ஹிப்ஹாப்பின் திசையையே அந்தப் பாடல் மாற்றியது. பம்பாட்டாவின் மீது 2016 முதல் சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாகப் பலர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்கள், அவர் மறுத்தார். ஒரு பாடலின் வரலாற்று இடத்தைச் சொல்லும்போது அந்தக் குரல்களை மூடி மறைப்பது இயக்கங்களுக்கு அழகில்லை என்பதால் இதையும் பதிவுசெய்கிறோம்.

இன்னொரு நகரம் டெட்ராய்ட். வாகன ஆலைகளின் தலைநகரம். 1950இல் 18 லட்சத்துக்கும் மேலிருந்த மக்கள்தொகை 1980இல் 12 லட்சமாகச் சுருங்கியது. 1967இல் காவல்துறைக்கு எதிராகக் கறுப்பின மக்கள் எழுந்தபோது 43 பேர் கொல்லப்பட்டார்கள். ஆலைகள் வெளியேறின, எஞ்சிய ஆலைகளுக்குள் ரோபோக்கள் வந்தன. அந்த நகரத்தின் வானொலியில் எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற பெயரில் நிகழ்ச்சி நடத்திய ஒலிபரப்பாளர், கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்ற வானொலிப் பிரிவினையை மதிக்காமல் கிராஃப்ட்வெர்க்கை ஒலிபரப்பினார். அதைக் கேட்டு வளர்ந்த ஹுவான் ஆட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய கறுப்பின இளைஞர்கள்தான் 1980களில் டெக்னோ என்ற இசையை உருவாக்கினார்கள். பெரியவர்களின் வேலையைப் பறித்த இயந்திரத்தின் ஓசையைப் பிள்ளைகள் தங்கள் கருவியாக்கினார்கள். விற்பனையாகாமல் உற்பத்தி நிறுத்தப்பட்ட 808 போன்ற கருவிகள் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது அதற்கு உதவியது.

இதைக் ‘கறுப்பர்கள் வெள்ளையரிடமிருந்து கற்றார்கள்’ என்று சுருக்கிவிடக் கூடாது. கிராஃப்ட்வெர்க்கின் தாளத்துக்குள் ஏற்கெனவே ஜேம்ஸ் பிரவுனின் தாளம் இருந்தது. அமெரிக்கக் கறுப்பின இசையை விரும்பிக் கேட்டதைக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். சின்தசைசரைச் சன் ராவும் ஸ்டீவி வொண்டரும் 1970களின் தொடக்கத்திலேயே தங்கள் கருவியாக்கியிருந்தார்கள். 1938இல் டூசல்டார்ஃபில் சங்கிலியிட்டுக் காட்டிய இசை, நாற்பது ஆண்டுகளுக்குள் அதே நகரத்தின் இயந்திரங்களுக்குள் புகுந்து, கறுப்பர்களிடமே திரும்பியது. பிறகு இன்னொருமுறை ஜெர்மனிக்கும் வந்தது. 1991இல், சுவர் இடிந்த பெர்லினில், வெர்ட்ஹைம் பேரங்காடியின் பாதாளப் பெட்டக அறையில் ‘ட்ரெசோர்’ என்ற நடன அரங்கு தொடங்கியது. யூதக் குடும்பத்திடமிருந்து நாஜிகள் பறித்த அங்காடி அது. ட்ரெசோர் வெளியிட்ட முதல் இசைத்தட்டு டெட்ராய்டின் ‘அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்’ என்ற கறுப்பினக் குழுவினருடையது.

இரண்டு விநாடிகள் யாருக்குச் சொந்தம்?

இவ்வளவு கைமாறி வந்த இசைக்கு யார் உரிமையாளர்? ‘பிளானட் ராக்’ பாடலுக்காக அதை வெளியிட்ட நிறுவனம் பின்னர் கிராஃப்ட்வெர்க்குக்குப் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. இதைவிடப் பெரிய வழக்கு ஜெர்மனியிலேயே நடந்தது. 1997இல் சப்ரினா செட்லூர் பாடிய ஒரு ராப் பாடலுக்காகத் தயாரிப்பாளர் மோசஸ் பெல்ஹாம் ‘உலோகத்தின் மேல் உலோகம்’ பதிவிலிருந்து சுமார் இரண்டு விநாடித் தாளத்தை எடுத்துச் சுழலவிட்டார். ஹூட்டரும் ஷ்னைடரும் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. 2016இல் ஜெர்மனியின் அரசியல்சாசன நீதிமன்றம் கலைச் சுதந்திரத்துக்கு உரிய எடை தர வேண்டும் என்றது. 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம், காதுக்கு அடையாளம் தெரியும்படி எடுத்தால் அனுமதி வேண்டும், அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டால் வேண்டாம் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் விவாதம் ஓயவில்லை.

உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறில்லை. அனுமதியின்றி எடுக்கப்பட்ட பாட்டுக்கும் கதைக்கும் கலைக்கும் பங்கு கேட்கும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனாலும் இந்த வழக்கில் ஒரு சாய்வு தெரிகிறது. ஒலிநாடாவில் பதிந்த இரண்டு விநாடிக்குச் சட்டத்தில் உரிமையாளர் உண்டு. ஒரு மக்கள்கூட்டம் நூற்றாண்டுகளாக வளர்த்த தாளத்துக்கு அப்படி ஒரு உரிமையாளரைச் சட்டம் அறியாது. பதிவுக்கருவி வைத்திருந்தவரின் கணக்கு மட்டும் ஏட்டில் ஏறுகிறது. டெக்னோ என்றதும் ஐரோப்பிய முகங்கள் நினைவுக்கு வருவதும், டெட்ராய்டின் பெயர் பின்னுக்குப் போவதும் இந்தக் கணக்கின் தொடர்ச்சிதான்.

மாணவ நண்பர்கள் இந்தத் தொகுப்பை ஒருமுறை முழுவதுமாகக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கேட்டு முடித்ததும் ‘பிளானட் ராக்’ பாடலையும், டெட்ராய்டின் தொடக்ககால டெக்னோவையும், கொலோனின் துருக்கியத் தொழிலாளர் பாடல்களையும் அதே வரிசையில் கேளுங்கள். முன்னோடி என்ற சொல்லை எங்கே பார்த்தாலும், அவருக்கு முன்னால் யார் நடந்தார்கள், அவரோடு நடந்தும் பெயர் விடுபட்டவர்கள் யார், அந்த வழியை அகலப்படுத்தியவர்கள் யார் என்று விசாரித்து எழுதுங்கள். அந்த ரயில் சேவை நின்று நெடுங்காலமாகிவிட்டது. அதன் முதல் வகுப்புப் பயணிகளை இன்று யாருக்கும் நினைவில்லை. அந்தத் தாளத்தை உயிரோடு வைத்திருப்பவர்கள் பயணச்சீட்டு இல்லாதவர்கள். வரலாற்றை எழுதும்போது அவர்களுக்கு உரிய இருக்கையைக் கொடுப்பது நம் வேலை.